அக்கரை எது, சாமுவேல்?

அன்புள்ள சாமுவேல்,

நலம். நலமறிய ஆவல். பேத்திக்கு ஞானஸ்நானம் என்று நீ எழுதிய கடிதம் பத்து நாள் என் வீட்டு வாசலில் காத்துக் கிடந்திருக்கிறது. நான் ஊரில் இல்லை. எங்கள் பங்கிலிருந்து ஒரு கூட்டமாக ஜோர்டான் நாட்டுக்குத் திருப்பயணம் போயிருந்தோம். மேரியும் வந்தாள். எருசலேம் இந்த முறை இல்லை. மாதபா, நேபோ மலை, யோர்தான் ஆறு, அப்புறம் பெத்ரா. யோர்தானில் நின்றபோது உன் நினைவுதான் வந்தது. வந்து இறங்கினால் உன் கடிதத்திலும் அதே பேச்சு. அதனால்தான் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இடத்தின் பெயர் அல் மக்தஸ். திருமுழுக்கு இடம் என்று பொருள். இயேசு யோவானிடம் திருமுழுக்குப் பெற்றது இங்கேதான் என்பார்கள். சாக்கடலுக்கு வடக்கே ஒன்பது கிலோமீட்டர். வாசலிலேயே நம் வண்டியை நிறுத்திவிட்டு அவர்களுடைய சிறு பேருந்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் நடைதான். மேட்டில் எல்லாம் வெளுத்துப்போன சுண்ணாம்பு மண். ஆற்றை நெருங்க நெருங்க நாணலும், சவுக்கு மாதிரி மெல்லிய இலையுள்ள ஒரு மரமும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு பள்ளம், மேலே கூரை போட்டிருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய பழைய ஆலயங்களின் இடிபாடு அது. பளிங்குப் படிகள் வரிசையாகக் கீழே இறங்குகின்றன. இறங்கிப் போய்ப் பார்த்தால் ஆறு இல்லை. ஆறு மேற்கே தள்ளிப் போய்விட்டது. தண்ணீருக்காகக் கட்டிய படி தண்ணீர் இல்லாத பள்ளத்தில் போய் முடிகிறது. அந்த இடத்தை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.

கி.பி. 530 வாக்கில் அங்கே வந்த தியோடோசியுஸ் என்ற பயணி, அனஸ்தாசியுஸ் பேரரசர் கட்டிய கோவிலைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். வெள்ளம் வந்தால் கீழே ஓடிப்போகட்டும் என்று வளைவுகளின்மேல் தூக்கிக் கட்டினார்களாம். ஆண்டவர் இறங்கிய இடத்தில் ஒரு தூண், அதன்மேல் இரும்புச் சிலுவை. நாற்பது வருடம் கழித்துப் பியாசென்சாவிலிருந்து வந்த இன்னொருவர், திருக்காட்சிப் பெருவிழாவன்று ஜனங்கள் ஆற்றில் இறங்குவதை எழுதியிருக்கிறார். அன்று உடுத்தி நனைந்த துணியைப் பலர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்களாம், செத்தால் போர்த்துவதற்கு. நம் பாட்டிமார் கோடி எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

இன்னும் கொஞ்சம் நடந்தால் இன்றைய ஆறு. சாமுவேல், நீ நம்பமாட்டாய், அது ஒரு வாய்க்கால் அகலம்தான். நான் சின்ன வயதில் என்றால் ஒரே மூச்சில் நீந்திவிடுவேன். தண்ணீர் செம்மண் கரைத்தது மாதிரி கலங்கல். இந்தப் பக்கம் மரப்பலகைத் துறை, ஜோர்டான் காவலர். அந்தப் பக்கம் கல் படிக்கட்டு, இஸ்ரேல் கொடி, துப்பாக்கியோடு ஒரு பையன். அந்தத் துறைக்கு கஸ்ர் அல் யஹூத் என்று பெயர். வெள்ளை அங்கி போட்ட ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வயதான அம்மாவை இரண்டு பேர் கையைப் பிடித்து மூன்று முறை முக்கினார்கள். மூன்றாம் முறை எழுந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து யாரோ சத்தமாக “ஆமென்” என்றார்கள். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையாட்டினார். மேரி அழுதுவிட்டாள்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன், அந்த இடம் எந்தக் கரையில் என்பது.

உன் பைபிளை எடுத்து யோவான் 1:28 பார். “யோர்தானுக்கு அக்கரையில்” பெத்தாபரா என்று இருக்கும். அக்கரை என்றால் எருசலேமிலிருந்து பார்க்கக் கிழக்குக் கரை. என்னுடைய பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் பெத்தானியா. ஒரே வசனம், ஒரே தமிழ், ஊர் மட்டும் வேறு. இத்தனை வருடம் ஒருவர் பைபிளை ஒருவர் திறந்து சண்டை போட்ட நாம் இதைக் கவனித்ததே இல்லை!

இதற்குக் காரணம் மூன்றாம் நூற்றாண்டில் இருந்த ஓரிகன் என்ற வேத அறிஞர். தம் காலத்துப் பிரதிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பெத்தானியா என்றுதான் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் ஊர் ஊராக நடந்து பார்த்தவர். லாசருவின் பெத்தானியா எருசலேமுக்குப் பதினைந்து ஸ்தாதியோன் (பழைய கிரேக்கத் தூர அளவு) தூரம், ஆறோ நூற்றெண்பது ஸ்தாதியோன் தள்ளி இருக்கிறது, அப்படியிருக்க ஆற்றங்கரையில் பெத்தானியா எப்படி வரும் என்று கேட்டார். அங்குள்ளவர்கள் யோவான் முழுக்குக் கொடுத்த இடம் என்று பெத்தாபராவைக் காட்டினார்கள். சரி, இதுதான் சரியான வாசகம் என்று முடிவு கட்டிவிட்டார். பிற்பாடு வந்த ஆயர் கிறிசோஸ்தோமும் அவர் பக்கம் நின்றார். 16ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தை அச்சுப் போட்டபோது அந்த வாசகம் ஏறிக்கொண்டது. அந்த அச்சை ஒட்டி வந்ததுதான் உன் பைபிள். பிற்பாடு பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தபோது, கையில் இருப்பவற்றிலேயே மிகப் பழைய பிரதிகளில் பெத்தானியா என்று இருப்பது தெரிந்தது.

ஓரிகன்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. புத்தகத்தோடு நிற்காமல் மண்ணை மிதித்துப் பார்த்தவர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்தது தவறு என்றுதான் நினைக்கிறேன். வரைபடத்துக்குப் பொருந்தவில்லை என்று வேதத்தில் ஊர்ப்பெயரை மாற்றக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்க முடியாதா? நம் ஜில்லாவிலேயே எத்தனை புதுக்குடி! நற்செய்தியாளர் “அக்கரை” என்று சேர்த்து எழுதியதே, லாசருவின் ஊரோடு குழப்பிக்கொள்ளாதே என்பதற்காகத்தான் இருக்கும்.

அப்புறம் மாதபாவில் ஒரு வேடிக்கை. அங்கே புனித ஜார்ஜ் ஆலயத்தின் தரையில் ஆறாம் நூற்றாண்டுப் படம் ஒன்று இருக்கிறது, சின்னச் சின்னக் கல் பதித்துச் செய்த திருநாட்டு வரைபடம். கம்பிக்கு இப்பால் நின்று குனிந்து பார்க்க வேண்டும். யோர்தானில் மீன்கள் போகின்றன. அதில் ஒரு மீன் சாக்கடலின் உப்பு பொறுக்காமல் திரும்பி மேலே நீந்துகிறது. வாயும் கண்ணும்கூடத் தெரிகிறது. அந்த மீனுக்குப் பக்கத்தில்தான் நம் வழக்கு. பெத்தாபரா, பரிசுத்த யோவானின் திருமுழுக்கு என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது, மேற்குக் கரையில்! கிழக்குக் கரையில் “அயினோன், இப்போது சப்சபாஸ்” என்று வேறு பெயர் எழுதியிருக்கிறது. ஆக, ஜோர்டான் நாட்டுக்காரர்கள் பெருமையோடு காட்டும் அவர்களுடைய பழைய படமே மேற்குக் கரைக்காரர்களுக்குச் சாட்சி சொல்கிறது. எங்கள் வழிகாட்டி அதைக் கொஞ்சம் வேகமாகக் கடந்து போனார்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. இடம் தெற்கே இல்லை, வடக்கே பாசான் பக்கம், பத்தனேயா என்பதுதான் பெத்தானியா என்பார்கள். யோவான் முதல் அதிகாரத்தில் நாள் எண்ணிப் பார், சில நாளில் ஆண்டவர் கானா கல்யாணத்தில் இருக்கிறார். எரிகோவுக்கு எதிரேயிருந்து கானாவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. கேள்வி நியாயம்தான். ஆனாலும் யூதேயா வனாந்தரம் என்று மத்தேயு சொல்கிறாரே. கி.பி. 333இல் போர்தோவிலிருந்து வந்த பயணியும் சாக்கடலுக்கு ஐந்து மைல் தள்ளித்தான் இடத்தைக் குறித்தார். எலியா எடுத்துக்கொள்ளப்பட்ட மேடு கிழக்குக் கரையில் இருப்பதாகவும் சேர்த்து எழுதினார். எலியா கடந்த துறையில் யோவான் வந்து நின்றார் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிழக்குக் கரை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன்.

2015இல் யுனெஸ்கோ இந்தக் கிழக்குக் கரையை உலகப் பாரம்பரிய இடமாகச் சேர்த்தது. அதிலும், இயேசு திருமுழுக்குப் பெற்ற இடம் என்று “நம்பப்படுகிறது” என்றுதான் எழுதியிருக்கிறது. 2000இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அடுத்தடுத்த நாளில் இரண்டு கரையிலும் போய் ஜெபித்தார். எனக்கு அது சரியாகப் பட்டது.

நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போய்விட்டு வந்த வருடம் நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா? “கடவுள் அங்கே மட்டும்தான் இருக்காரா?” என்றாய். ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: உன் கட்சிக்கு என் சபைப் பிதாக்களே நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். யோவான் யோர்தானில் முழுக்குக் கொடுத்தவர்களுக்கும் பேதுரு திபேர் ஆற்றில் கொடுத்தவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று தெர்த்துல்லியன் சொல்லிவிட்டார். நீசாவின் கிரகோரி எருசலேமுக்கே போய் வந்தவர். போனதால் என் விசுவாசம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று எழுதினார். கான்ஸ்டன்டைன் பேரரசர் யோர்தானில்தான் முழுக வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் 337இல் நிக்கோமேதியாவுக்குப் பக்கத்தில் படுத்த படுக்கையில் பெற்றார். அது குறைந்துபோன திருமுழுக்கா? இல்லையே.

ஆனால் எருசலேம் ஆயர் சிரில் சொன்னதையும் நீ கேட்க வேண்டும். திருமுழுக்குக்கு ஆயத்தமானவர்களுக்குப் பாடம் நடத்தும்போது, கிறிஸ்துவுக்குச் சாட்சிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். ஆறுகளுக்குள் யோர்தான் சாட்சி என்கிறார். பார், மருந்து என்று சொல்லவில்லை, சாட்சி என்கிறார். அந்தச் சொல்லைத்தான் இத்தனை வருடம் நான் உன்னிடம் சொல்லத் தெரியாமல் திண்டாடினேன். நம்முடைய விசுவாசம் ஒரு கருத்தின்மேல் நிற்கவில்லை. ஒருவர் ஒரு நாள் ஓர் ஆற்றில் இறங்கினார், உடம்பு நனைந்தது. அது நடந்தது என்றால் எங்கேயோ ஓர் இடத்தில் நடந்திருக்க வேண்டும். அந்த இடத்தைத் தேடுகிறவனைப் பார்த்து, கடவுள் அங்கே மட்டுமா இருக்கிறார் என்று கேட்காதே. அவன் தேடுவது கடவுளை அடைத்து வைத்திருக்கும் இடத்தை அல்ல. அந்தத் தடம் எங்கே என்றுதான் பார்க்கிறான். நாணலுக்கு நடுவில் தண்ணீர் இல்லாத அந்தப் படியைக் கட்டியவர்களும் அதற்குத்தான் வந்தார்கள்.

ஒரு வருத்தம். கரை யாருடையது என்று இத்தனை பேச்சு, ஆற்றைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஒரு காலத்தில் வருடத்துக்கு 130 கோடி கன மீட்டர் ஓடியதாம், இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கலிலேயக் கடல் தண்ணீரை 1964இல் இஸ்ரேல் பெரிய குழாய் வைத்துக் கொண்டுபோகத் தொடங்கியது. யோர்தானில் வந்து சேரும் யார்முக் ஆற்றில் சிரியா அணை போட்டது. ஜோர்டான் தன் கால்வாய்க்குத் திருப்பிக்கொண்டது. மிச்சத்தில் சாக்கடையும் கலக்கிறது. 1967 போருக்குப் பின் இரு கரையிலும் கண்ணிவெடி. மேற்கே துறவிகள் தங்கள் சிற்றாலயத்துக்குத் திரும்பிப் போய்ப் பூசை வைக்க 2021 ஜனவரி ஆனது, ஐம்பத்துநான்கு வருடம்! அந்த ஆற்றின்மேல் கடவுளின் குரல் கேட்டது என்று நம்புகிற நாம் எல்லோரும் இதற்குச் சத்தம் போட்டிருக்க வேண்டும்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். துறையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்திருக்கிறேன். இப்போது மேசைமேல் இருக்கிறது. வண்டல் ஒரு விரல் உயரத்துக்கு அடியில் தங்கி, மேலே தெளிந்துவிட்டது. ஞானஸ்நானத் தொட்டியில் இதிலிருந்து ஒரு கை சேர்க்கலாமா என்று உங்கள் ஐயரிடம் கேட்டுப் பார். சேர்ப்பதானால் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், பச்சைக் குழந்தை. குழாய்த் தண்ணீரே போதும் என்று அவர் சொன்னால் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அப்போது பாட்டிலை உன் வீட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன், அவள் வளர்ந்து கேட்டால் நீ சொல்லு.

எந்த ஞாயிறு, எத்தனை மணி ஆராதனை என்று எழுது. மேரியும் நானும் முதல் நாளே வந்துவிடுகிறோம். உன் பைபிளையும் எடுத்து வை, எம்மாவு எங்கே என்பதில் இன்னொரு வழக்கு பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
அந்தோணி