எமுலேட்டரில் கோப்புப் பகிர்வு வேலை செய்யாதது குறித்த புகார்

அனுப்புநர்: அச்சகப் பொறுப்பாளர், அல்சூர், பெங்களூரு
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

எங்களிடமுள்ள பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளெல்லாம் யூனிகோடுக்கு முந்தைய டாம் தமிழ் எழுத்துருக்களில் இருப்பதால், லினக்ஸ் கணினியில் கியூஇமு எமுலேட்டர் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வழியாக விண்டோஸ் எக்ஸ்பி நிறுவித் தரச் சொன்னோம். "அலுவலக நெட்வொர்க்குடன் கோப்புப் பகிர்வு உட்பட" என்று உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. எக்ஸ்பி ஓடுகிறது, பகிர்வு இல்லை.

உங்கள் டெக்னீஷியன் எக்ஸ்பிக்குள் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். பகிர்வு நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. அவர் வைத்த யூசர் மோடு நெட்வொர்க்கில் (கியூஇமு தனக்குள்ளேயே அமைக்கும் நெட்வொர்க்) எக்ஸ்பியின் முகவரி 10.0.2.15, லினக்ஸ் 10.0.2.2. உள்ளிருந்து வெளியே போகலாம். போர்ட் திறந்துவிடாமல் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. எக்ஸ்பியில் சர்வரின் ஐபி முகவரியை நேரடியாகக் கொடுத்தாலும் பயனில்லை. எக்ஸ்பிக்குத் தெரிந்தது கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டும். லினக்ஸில் கோப்புப் பகிர்வைச் செய்யும் சாம்பா மென்பொருளில், 2019-இல் வந்த 4.11 பதிப்பு முதல் அது இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.

தொலைபேசியில் கேட்டால், "ஆபீஸ் சர்வர்லயே எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணிடுங்க சார்" என்கிறார்கள். சாம்பாவில் குறைந்தபட்ச நெறிமுறையைக் குறிக்கும் 'சர்வர் மின் புரோட்டோகால்' ஒரு ஃபோல்டருக்கான அமைப்பு அல்ல, சர்வர் முழுவதற்குமானது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் பரவியது எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்துவிட்டது. இதைச் செய்ய மாட்டோம்.

இதைவிட மோசம், அவர் விட்டுச்சென்ற ஸ்கிரிப்ட். எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டிஸ்க் இமேஜை (எக்ஸ்பியின் வன்தட்டாக இருக்கும் கோப்பு) லினக்ஸில் எழுதும் அனுமதியோடு மவுண்ட் செய்கிறது. ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. இரண்டும் தத்தம் தற்காலிக நினைவகத்திலிருந்து (cache) எழுதினால், எக்ஸ்பியின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் சிதையாமல் என்ன செய்யும்? வன்தட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓடிய பிறகு, கல்யாணப் பத்திரிகை வடிவமைப்புகள் ஃபவுண்ட்.000 ஃபோல்டரில் பெயரிழந்து, ஃபைல்0000.சிஎச்கே என்று கிடந்தன.

நீங்கள் செய்து தர வேண்டியது இது. அலுவலக லேன் கார்டு சேராத தனி பிரிட்ஜ் (லினக்ஸையும் எக்ஸ்பியையும் மட்டும் இணைக்கும் மெய்நிகர் நெட்வொர்க்). அதில் லினக்ஸுக்கு 192.168.50.1, எக்ஸ்பிக்கு 192.168.50.2, கேட்வே கூடாது. அந்த பிரிட்ஜில் மட்டும் கேட்கும் இரண்டாவது எஸ்எம்பிடி (சாம்பாவின் சர்வர் நிரல்). அதற்குத் தனி கான்ஃபிக், தனி பூட்டு டைரக்டரி (lock directory), குறைந்தபட்ச புரோட்டோகால் என்டி1 (எஸ்எம்பி1-க்குச் சாம்பா வைத்த பெயர்). முதல் எஸ்எம்பிடியிலும், குறிப்பிட்ட இணைப்புகளில் மட்டும் கேட்கச் சொல்லும் 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி' போட வேண்டும். இல்லையென்றால் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட்டை எல்லா முகவரியிலும் அதுவே பிடித்துக்கொள்ளும், இரண்டாவது எழாது. எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியில் எல்எம்கம்பாடிபிலிட்டிலெவல் 3 என்று வைத்தால் கடவுச்சொல் சரிபார்ப்புக்கு என்டிஎல்எம்வி2 முறையே போதும். ஒரே ஒரு பரிமாற்ற ஃபோல்டரை இரண்டு சர்வரும் காட்டட்டும். மற்ற கணினிகள் எஸ்எம்பி2 வழியாக எடுத்துக்கொள்ளும். ஒன்றின் பூட்டு மற்றதற்குத் தெரியாது என்பதால் அங்கே நகலெடுப்பது மட்டும்தான், திறந்து வேலை செய்வதில்லை.

அந்த ஸ்கிரிப்டை உடனே நீக்க ஆள் அனுப்புங்கள். அலுவலகக் கணினி ஒன்றிலிருந்து ஒரு பேஜ்மேக்கர் கோப்பை அனுப்பி, எக்ஸ்பியில் திறந்து காட்டிய பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுவோம். முடியாதென்றால் பகிர்வுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
அச்சகப் பொறுப்பாளர்