பள்ளி இங்கேயே இருக்கும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும்,

வணக்கம். கடிதம் வந்துவிட்டது. நம் அரசுப் பள்ளியை வேறு எந்தப் பள்ளியோடும் இணைக்கப் போவதில்லை. அந்த வரியைப் படித்ததும் ஆசிரியர் அறையில் நாங்கள் போட்ட சத்தம் மைதானம் வரை கேட்டிருக்கும். இணைப்பைத் தடுக்க நாம் அலைந்த கதையை மறுபடி எழுதப் போவதில்லை, எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை, அதனால் மடலில் கோர்வை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வீடாகப் போய்ப் பேசிய பெற்றோருக்கு, வராத பிள்ளைகளின் வாசலில் மாலை நேரத்தில் போய் நின்ற ஆசிரியர்களுக்கு, சேர்க்கைப் பதிவேட்டை வரி வரியாகச் சரிபார்த்துக் கொடுத்த ஓய்வுபெற்ற எழுத்தருக்கு, சுவருக்கு வண்ணம் அடித்த பழைய மாணவர்களுக்கு (அந்தப் பச்சை கொஞ்சம் தூக்கல்தான், பழகிவிட்டது), கழிப்பறையைச் சொல்லாமலே இரண்டு வேளையும் கழுவிவிட்ட அம்மாவுக்கு, எல்லோருக்கும் மொத்தமாக ஒரு பெரிய நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும். நம் கணக்கு டீச்சர். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர். எல்லோரும் மனு, கூட்டம் என்று அலைந்துகொண்டிருந்தபோது, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன அறிவியல் டீச்சரைக் கூப்பிட்டு, "நாளைக்கு என் கிளாஸ்ல பின்னாடி வந்து உட்காரும்மா. பசங்க எங்க கோட்டை விடுறாங்கன்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆய்வுக்கு வருகிறவர்கள் தவிர வேறு யாரும் பின் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மணி அடித்ததும் அவரவர் வகுப்புக்குப் போவோம், கதவைச் சாத்துவோம், அதோடு சரி. உள்ளே நடப்பது நன்றாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது, சறுக்கினாலும் தெரியாது.

அறிவியல் டீச்சர் போய் உட்கார்ந்தார். கையில் கடிகாரம். வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம் ஒன்றுதான்: "கேள்வி கேட்டு ஒரு நொடிகூட ஆகலை டீச்சர், நீங்களே பதில் சொல்லிடுறீங்க." மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அதையே மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது, படிப்பு வராது என்று நாம் ஒதுக்கிவைத்த பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகும் உடனே "சரி", "தப்பு" என்று பாயாமல் கொஞ்சம் பொறுத்தால், அவர்களே காரணமும் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் நானும் போய் உட்கார்ந்தேன். பின்னப் பாடம். "ஏழில் மூன்று பங்கு பெரிதா, பாதி பெரிதா?" கேட்டுவிட்டு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார். வகுப்பில் மூன்று நொடி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்வதோடு சரி, வேறெதற்கும் வாய் திறக்காதவன், விரலை மடக்கினான், நீட்டினான், உட்கூரையைப் பார்த்தான். அப்புறம் எழுந்து, "பாதின்னா மூணரை வரணும் டீச்சர். இங்க மூணுதான் இருக்கு" என்றான். டீச்சர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் திரும்பி, "அப்ப ஒன்பதுல நாலும் பாதியைவிடக் கம்மிதானே?" என்று அவனிடம் கேட்டாள். டீச்சரிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டாள்!

கடிதம் வந்ததற்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். மனுவுக்கும் சேர்க்கைக்கும் அதனதன் பங்கு உண்டு. ஆனால் சேர்ந்த பிள்ளைகள் தங்குவது வகுப்பறையைப் பொறுத்தது. கட்டடம், கணினி எல்லாம் கேட்டு வாங்க வேண்டியவை, கேட்டுக்கொண்டேதான் இருப்போம். அது வரும் வரை நம் கையில் இருப்பதை டீச்சர் செய்து காட்டிவிட்டார். ஜப்பானில் நூறு ஆண்டுக்கும் மேலாக ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்த மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள், பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துகிறார்கள். இங்கே அது, ஆணை எதுவும் இல்லாமல், ஓய்வு பெறப்போகும் ஒருவரின் பெருந்தன்மையில் தொடங்கியிருக்கிறது.

டீச்சர், இந்த வழக்கத்தை விடமாட்டோம். இனி மாதம் ஒரு பாடவேளை ஒவ்வொருவர் வகுப்பும் மற்றவர்களுக்குத் திறந்திருக்கும். பார்த்ததை வைத்து யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை, மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவதும் இல்லை. தலைமையாசிரியைக்கும் விலக்கு கிடையாது: திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை, ஆறாம் வகுப்பு, வாசிப்புப் பாடம் நான் எடுக்கிறேன். பின் பெஞ்சில் முதல் இடம் உங்களுக்கு.

நன்றியுடன்,
தலைமையாசிரியை