மலருக்கு, திருப்பாலைக்குடியிலிருந்து

திருப்பாலைக்குடி
20.7.2025

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை ஆத்தா, உண்மையிலேயே அறியத்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது இரண்டு நிமிஷம். "நல்லா இருக்கேன்ப்பா, சாப்ட்டாச்சுப்பா, வைக்கிறேன்ப்பா." நான் கேட்க நினைத்தது அதற்குள் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளை வைத்துக்கொண்டு சிலதைக் கேட்கவும் முடியாது. அதனால் நீ கொடுத்த பள்ளிக்கூட முகவரிக்கே இதைப் போடுகிறேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். கைக்குக் கிடைத்ததும் பதிலை நீயே பேனாவால் எழுதி, அந்த ஊர்த் தபால் ஆபீஸிலேயே போடு. டைப் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

தடைக்காலம் முடிந்து தம்பி மண்டபத்துப் போட்டில் கடலுக்குப் போகிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, நீ வந்தால் ராமேஸ்வரம் வரைக்கும் ரயிலிலேயே போய் வரலாம். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

உன் வொர்க் பெர்மிட் என்ன ஆனது? தாய்லாந்தில் பாங்காக் பக்கத்துப் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலையை விட்டபோது, அங்கே வாங்கிய பெர்மிட் அந்தப் பள்ளியோடு முடிந்துவிடும், விசாவும் அதோடு போய்விடும், புதுப் பள்ளி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். செய்தார்களா? மே மாதம் பள்ளி திறந்தது, இப்போது ஆடி பிறந்துவிட்டது. கேட்டால் "பாத்துக்கிட்டிருக்காங்கப்பா" என்கிறாய். யார் பார்க்கிறார்கள்? தொண்டு நிறுவனப் பள்ளி, சம்பளம் கம்மி என்றெல்லாம் சொன்னாய், சரி. ஆனால் அந்த நாட்டில் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்வதற்கும் பெர்மிட் வேண்டும் என்பதையும் நீதான் சொன்னாய். 90 நாளுக்கு ஒருமுறை இமிகிரேஷனில் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டுமே, பர்மா எல்லையில் இருக்கும் மே சோட் முகவரியைச் சொன்னாயா? காலம் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், 20,000 வரை ஏறும். அதை எப்படியாவது கட்டிவிடலாம். 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டால் ஓராண்டுக்குத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இத்தனை வருஷம் கட்டிய வாழ்க்கை ஒரு முத்திரையில் போய்விடும்.

பாஸ்போர்ட் உன் கையில்தானே இருக்கிறது? பள்ளிக்காரர்கள் கேட்டால் நகலைக் கொடு. அசலை யாரிடமும் கொடுக்காதே, ஒரு நாளைக்கென்று கேட்டாலும் கொடுக்காதே.

முன்பெல்லாம் நீ பேச ஆரம்பித்தால் எனக்குப் போனை வைக்க மனசு வராது. நம் பிள்ளைகள் "புக்கு", "பஸ்ஸு" என்று கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்க்கிறார்கள், தாய்லாந்துப் பிள்ளைகளோ கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறார்கள், "ஹவுஸ்" என்பதை "ஹவ்" என்று நிறுத்திவிடுகிறார்கள் என்று ஒரு ராத்திரி சொன்னாய். அந்த "ஸ்" வர வைப்பதற்காக ஒவ்வொரு பிள்ளையையும் பாம்பு மாதிரிச் சீறச் சொல்லி, வகுப்பே சீறியதையும் சொன்னாய். காலமெல்லாம் "இஸ்கூல்" என்பதைத் திருத்திக்கொண்டே ஓய்வுபெற்ற எனக்கு, அதைக் கேட்டுத் தூக்கம் வரவில்லை. நான் பிரம்பை வைத்துச் செய்ய நினைத்ததை என் மகள் விளையாட்டில் செய்துவிட்டாள் என்று மறுநாள் டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். அப்படிப் பேசியவள் இப்போது வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன்?

உன் படிப்பில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. சேதுபதி கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, பி.எட்.டும் முடித்தவளை, பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் உனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிக் காட்டச் சொன்னார்கள். 600 எடுத்தால் போதும் என்ற இடத்தில் நீ 900ஐத் தாண்டினாய். உன்னோடு வேலை பார்த்த இங்கிலாந்துப் பையனிடம் ஏதோ ஒரு டிகிரி, நாலு வாரக் கோர்ஸ் சான்றிதழ். "நேட்டிவ் ஸ்பீக்கர்" என்பதால் அவனுக்கு உன்னைவிடச் சம்பளம் அதிகம். பிலிப்பைன்ஸ் டீச்சர்களும் நீயும் அவனுக்குப் பாடக்குறிப்பு எழுதிக் கொடுத்தீர்கள். அப்போதே எனக்குப் பொறுக்கவில்லை. நீதான் "நம்மகிட்ட படிச்ச பிள்ளை பேசும்போது யாரு பாஸ்போர்ட்டைப் பாக்கப் போறா" என்றாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நாட்டு ஆசிரியர் கவுன்சிலான குருசபாவின் லைசென்ஸுக்கு இரண்டாண்டுத் தற்காலிக அனுமதி வாங்கினாயே, நிரந்தர லைசென்ஸுக்கு ஆக வேண்டியதைச் செய்யாமல் ஏன் இடம் மாறினாய்? வருஷா வருஷம் கான்ட்ராக்ட், பென்ஷன் கிடையாது, வயசு ஏற ஏறச் சின்ன வயசு டீச்சர்களைத்தான் தேடுவார்கள். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதை ஒரு தொழிலாக எடுத்தவள் ஒரே இடத்தில் காலூன்றி, லைசென்ஸை முடித்து, மேலே ஒரு படிப்பும் படித்தால்தான் நாற்பது வயதுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியும். இதைப் பல தடவை சொல்லிவிட்டேன். இன்னும் சொல்லுவேன்.

மே சோட்டுக்கு ஏன் போனாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் சாயங்காலம் சாயங்காலம் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தாயே, அங்கே ஆரம்பித்தது இது. பஸ்ஸை விட்டுவிட்டு ராத்திரி நேரம் கழித்து வருவாய், அம்மா வாசலிலேயே நிற்பாள். "அந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஊர் சொந்த ஊர்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்கப்பா" என்று ஒரு நாள் அழுதாய். 2021இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆற்றைக் கடந்து வந்த குடும்பங்கள், பர்மிய மொழி ஒரு பக்கம், தாய்லாந்து மொழி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும் பிள்ளைகள் என்று நீ சொன்னபோது எனக்கு மண்டபம்தான் ஞாபகம் வந்தது. அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகள் செய்கிறாள் என்று பெருமைதான். ஆனால் நம் கரையில் பிள்ளைகள் இல்லையா? இங்கே எட்டாவது படிக்கும் பையனுக்கு ஒரு விண்ணப்பம் ஆங்கிலத்தில் நிரப்பத் தெரியவில்லை. அப்பனை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனால், அங்கிருந்து வரும் காகிதத்தைப் படிக்க என்னிடம் ஓடி வருகிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு டி.ஆர்.பி. தேர்வு எழுது, எழுது என்று நான் சொன்னதெல்லாம் இதற்காகத்தான். என் பேச்சைக் கேட்டாயா?

சரி, கோபத்தில் எழுதவில்லை. சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அப்பத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் தாய்லாந்து என்றே சொல்லிச் சமாளித்தோம். எதிர்வீட்டுப் பையன் போனில் படம் காட்டி, "தாய்லாந்துதான் அப்பத்தா முன்னாடி சயாம்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ராத்திரிச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. காலையில் எழுந்ததும் "கடுதாசி வந்துச்சா" என்று கேட்கிறாள். போனில் நீ பேசியதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். அவள் அப்பா சயாமுக்குப் போன கதை உனக்குத் தெரியும். மலேயாத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த மனுஷனை, மூன்று மாச வேலை, நல்ல கூலி என்று சொல்லித்தான் ஜப்பான்காரன் ரயிலில் ஏற்றினான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943இல் போட்டு முடித்தார்கள். நீ போன முதல் வருஷம் காஞ்சனபுரியில் எடுத்து அனுப்பிய படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அந்தப் பாதை வேலையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் வெட்டிய கல். அதில் நம் ஆட்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தப் படத்தை அப்பத்தாவுக்குக் காட்டவே இல்லை, அம்மாவுக்கும் காட்டவில்லை.

நல்ல வேலை என்று சொல்லித்தான் எப்போதும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் மலர்.

போன மாசம் தொண்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் வந்தேன். அம்மாவிடம் ராமநாதபுரத்தில் பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் வேலை என்று பாங்காக்கில் இறங்கியவன். ஏஜென்ட் அனுப்பிய கார் அவனை நேரே மே சோட்டுக்குக் கொண்டுபோய், ஆற்றைத் தாண்டிப் பர்மா பக்கத்து மியாவாடியில் ஒரு இன்டர்நெட் மோசடிக் கும்பலிடம் விட்டிருக்கிறது. இந்த மார்ச்சில் நம் விமானப்படை விமானம் மே சோட்டுக்கே போய் 283 பேரை ஏற்றிவந்ததும், அடுத்தாற்போல் 266 பேர் வந்ததும் பேப்பரில் வந்தது. அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவன் அவன். பையன் அதிகம் பேசவில்லை. அவன் அம்மாதான் பேசினார். அங்கே இருந்த காலமெல்லாம் வீட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டுதான் இருந்தானாம். பக்கத்தில் ஒரு ஆள் நிற்பானாம். "நல்லா இருக்கேம்மா, சாப்ட்டாச்சும்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லையாம். நான் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

உன் வேலை வேறு, அவன் வேலை வேறு என்று எனக்குத் தெரியும். நீ ஏஜென்ட் மூலம் போகவில்லை. மே சோட்டில் நல்ல பள்ளிகள் இருக்கின்றன, சிந்தியா மாங் என்ற டாக்டரம்மா 1989இலிருந்து நடத்தும் ஆஸ்பத்திரி இருக்கிறது. எல்லாவற்றையும் படித்தேன், படித்து மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு நீ "இங்க சிக்னல் இல்லப்பா, வீடியோ வராது" என்கிறாய். பிப்ரவரியில் தாய்லாந்துக்காரர்கள் கரண்டையும் இன்டர்நெட்டையும் நிறுத்தியது ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே? உன் பள்ளிக்கூடம் இந்தப் பக்கம்தானே இருக்கிறது?

இதைப் போனில் கேட்டால் நீ சிரித்தாலும் எனக்கு நிம்மதி வராது, சிரிக்காவிட்டாலும் வராது. அதனால் இப்படிச் செய். உனக்கு அங்கே ஏதாவது சங்கடம், யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள், வாய்விட்டுப் பேச முடியவில்லை என்றால், அடுத்த தடவை பேசும்போது செவலை கன்று போட்டுவிட்டதா என்று கேள். நம் தொழுவம் காலியாகி எத்தனை காலம் ஆகிறது என்பது நம் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். நீ கேட்ட மறுநிமிஷம் நான் கலெக்டர் ஆபீஸில் நிற்பேன். சென்னையில் அயலகத் தமிழர் துறைக்கு எப்படி மனு கொடுப்பது என்று விசாரித்து வைத்துவிட்டேன். எந்தச் சங்கடமும் இல்லையென்றால் மாட்டுப் பேச்சையே எடுக்காதே.

பாங்காக் இந்தியத் தூதரகத்தின் நம்பரையும் சியாங் மாயில் இருக்கும் நம் துணைத் தூதரகத்தின் நம்பரையும் போனில் மட்டும் வைக்காதே, ஒரு தாளில் எழுதி உடையோடு வைத்துக்கொள். யார் கூப்பிட்டாலும், கூட வேலை பார்க்கும் டீச்சரே கூப்பிட்டாலும், ஆற்றைத் தாண்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகாதே. எல்லைச் சந்தை நன்றாக இருக்கும் என்பார்கள். வேண்டாம். பாஸ்போர்ட் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

இதெல்லாம் எனக்கு வீண் பயமாக இருந்துவிட்டால் நீ என்மேல் கோபப்பட்டுக்கொள், பட்டுவிட்டு எழுது. பள்ளியை விடு என்று நான் சொல்லமாட்டேன். பெர்மிட்டை வாங்கிக்கொண்டு, முறைப்படி இருந்து, அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு. அக்டோபர் விடுமுறையில் பத்து நாள் வந்துவிட்டுப் போ, டிக்கெட்டுக்கு நான் போடுகிறேன். அப்பத்தா உன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பதிலில் உன் வகுப்பைப் பற்றி எழுது. எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்தில் இருக்கிறீர்கள், கடைசி ஒலியை இந்தப் பிள்ளைகளும் விழுங்குகிறார்களா? ஐந்து பிள்ளைகளின் பெயரையாவது எழுது, யார் கெட்டிக்காரன், யார் பின்பெஞ்சில் தூங்குகிறவள் என்று ஆளுக்கு ஒரு வரி.

இப்படிக்கு
அப்பா

பி.கு.: தொண்டிக்குப் போனது அம்மாவுக்குத் தெரியாது. தபால்காரர் வரும் நேரத்தில் நான் கடைத்தெருவில் இருப்பேன், உன் பதிலை அவள்தான் வாங்கிப் பிரிப்பாள். அதனால் நான் கேட்டவற்றில் பெர்மிட்டுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் பதில் எழுது. அப்பத்தாவுக்குத் தனியாக ஒரு தாள் வை, பெரிய எழுத்தில்.