பொன்னியின் செல்வனை அச்சிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே,

வணக்கம். கல்கியின் நூல்களைத் தமிழக அரசு 1999ஆம் ஆண்டு நாட்டுடைமை ஆக்கியதால், பொன்னியின் செல்வனை யாரும் அச்சிட்டு விற்கலாம் என்ற நிலை வந்தது. அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. பேருந்து நிலையத்துக் கடையிலும் இன்று ஐந்து பாகங்களும் கட்டாகக் கிடைக்கின்றன என்றால், அது உங்கள் உழைப்பால் நடந்தது. ஆனால் நாட்டுடைமை என்ற சொல்லுக்கு, எப்படி வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று சிலர் பொருள் கொண்டுவிட்டதைக் கடந்த ஆண்டுகளில் என் வீட்டுக் கூடத்திலேயே கண்டேன். அந்த வருத்தத்தைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

நான் வீராணம் ஏரிக்கரையில் பிறந்தவள். கதைத் தொடக்கத்தில் ஆடிப் பெருக்கன்று நாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்து, வியந்து நின்று பார்க்கும் வீரநாராயண ஏரி எங்களுக்கு மாடு குளிப்பாட்டிய இடம். (சென்னையில் என் மகள் வீட்டுக் குழாயில் வருவதும் 2004 முதல் அந்த ஏரி அனுப்பும் தண்ணீர்தான் என்பதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.) 1950ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கி வார இதழில் இந்தத் தொடர்கதை தொடங்கியபோது என் அம்மாவுக்கு வயது பதினான்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத என் பாட்டிக்கும், மாலையில் வேலை முடிந்து வந்து திண்ணையில் அமரும் தெருப் பெண்களுக்கும் வாரந்தோறும் வாய்விட்டுப் படித்துக் காட்டியது அம்மாதான். 1954 மே மாதம் கதை முடியும் வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக, அந்தத் திண்ணை வாசிப்பு நடந்தது. தொடர் முடிந்து ஏழு மாதம் நிறைவதற்குள் கல்கி மறைந்தார் என்ற செய்தி வந்த நாளில் பாட்டி அடுப்பு மூட்டவில்லை என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சிதம்பரத்தில் ஒரு பைண்டரிடம் கொடுத்து, பாகத்துக்கு ஒன்றாகக் கட்டி வாங்கினார் தாத்தா. ஊரில் ஒரே பிரதியாக இருந்ததால் வீடு வீடாகச் சென்ற இதழ்களில் இரண்டு திரும்பி வரவில்லை. சுழற்காற்று பாகத்தில் விடுபட்ட அந்த அத்தியாயங்களை, அடுத்த ஊரில் ஒருவர் வீட்டில் மூன்று பிற்பகல்கள் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் மையால் எழுதிக் கொண்டுவந்தாள் அம்மா. அவையும் சேர்த்தே பைண்டு செய்யப்பட்டிருக்கின்றன. நானும் அந்தக் கட்டுகளில்தான் படித்தேன். அம்மாவின் கையெழுத்தில் உள்ள பக்கங்கள் வரும்போது கதை சற்று மெதுவாக நடப்பதுபோல் சிறுவயதில் எனக்குத் தோன்றும்.

2022இல் திரைப்படம் வெளிவந்த பிறகு, அப்போது பதினோரு வயதான என் பேத்தி கதையை முழுவதும் படிக்க வேண்டும் என்றாள். பழைய கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே அவள் நின்றுவிட்டாள். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அது. தும்பிக்கை போட்ட 'லை'யையும் 'னை'யையும், சுழித்த 'றா'வையும் 'னா'வையும் அவள் கண்டதே இல்லை. தாள்களும் தொட்டால் பொடியாகும் நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே அவளுக்கென்று புதிய பதிப்பு ஒன்றை வாங்கினேன். அதை வெளியிட்டவர் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, ஏனெனில் பிறகு நண்பர்கள் வீடுகளில் புரட்டிப் பார்த்த வேறு சில பதிப்புகளிலும் ஏறக்குறைய இதே குறைகளைக் கண்டேன்.

இரவு உணவுக்குப் பின் அவள் புதிய புத்தகத்திலிருந்து வாய்விட்டுப் படிப்பாள். நான் பழைய கட்டை மடியில் விரித்து வரி வரியாகத் தொடர்வேன். எழுபது ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் நடந்த வாசிப்பு கூடத்துக்கு வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி எனக்கு அரை மணி நேரம்தான் நீடித்தது. கால வெள்ளத்தில் பிரயாணம் செய்யுமாறு நேயர்களைக் கல்கி அழைக்கும் முதல் வாக்கியத்திலேயே 'பிரயாணம்' என்ற சொல் அவள் புத்தகத்தில் 'பயணம்' ஆகியிருந்தது. மாற்றியதாக எங்கும் ஒரு குறிப்பு இல்லை. அதன் பின் எனக்கு மடியிலிருந்த கட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. காலும் ரகரமும் இடம் மாறிய சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. பழைய பிரதியைக் கருவியில் வைத்துப் படியெடுத்து, அது தந்த எழுத்துகளை ஒருவரும் மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும். பூங்குழலி படகில் பாடும் 'அலைகடலும் ஓய்ந்திருக்க' என்ற பாட்டு, அடி பிரிக்கப்படாமல் உரைநடையோடு உரைநடையாக ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி அதைப் பாட்டு என்றே அறியாமல் ஒரே மூச்சில் படித்து முடித்தாள். அந்த இடம் வந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தி ராகமாக இழுப்பதும், திண்ணை முழுதும் பேச்சற்றுப் போவதும் எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இன்னொரு நாள், ரவிதாஸன் வேறு, ரவிதாசன் வேறா என்று கேட்டாள். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே பெயர் இரண்டு விதமாக அச்சாகியிருந்தது. சதிகாரர் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எண்ணிக்கொண்டே படிக்க வேண்டிய கதையில் இது சிறிய பிழை ஆகாது. எங்களுக்கு அந்தப் பெயர் இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலையில் தொடர்புடைய துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கதையைப் படித்து முடித்த கோடை விடுமுறையில் அம்மா என்னை அங்கே அழைத்துச் சென்று, அவளுக்கும் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் முன் நிறுத்தி, ‘‘இந்தக் கல்லில்தான் அவன் பேர் இருக்கிறது’’ என்றாள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கல் காத்து வைத்திருக்கும் பெயரை ஒரே சீராக அச்சிடுவது உங்களால் முடியாத காரியமா?

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு கடைசிப் பாகமான தியாக சிகரம் வரை வந்துவிட்டோம். 91 அத்தியாயங்களும் முடிந்தன. அதற்குப் பின் முடிவுரை இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் விற்பனைப் பட்டியல் இருந்தது. கதைமாந்தர் பின்னர் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியரே நேரில் வந்து பேசும் பக்கங்கள் அவை. ஐந்து பாகங்களையும் படித்து முடித்த குழந்தைக்கு அடுத்து எழும் கேள்வியும் அதுதான்; பேத்தியும் அதையே கேட்டாள். நான் பழைய அச்சிலிருந்து படித்துக் காட்டினேன். பழைய கட்டு இல்லாத வீட்டுக் குழந்தைக்கு யார் படித்துக் காட்டுவார்கள்?

உங்கள் இக்கட்டுகளை அறியாமல் நான் எழுதவில்லை. தாளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. விலையைக் குறைத்தால்தான் விற்கும். மொத்தம் 293 அத்தியாயங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது மாதக்கணக்கான வேலை. ஆனாலும் எழுத்தாளருக்கு உரிமைத் தொகை தர வேண்டாத நூல் இது. அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை, தமிழ் நன்கு அறிந்த இருவரை அமர்த்தி மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தச் செலவிடுங்கள் என்று கேட்பதில் நியாயம் இருப்பதாகவே நம்புகிறேன். எந்தப் பிரதியை மூலமாகக் கொண்டீர்கள் என்பதை முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் எழுதுங்கள். சொல்லை மாற்றினாலோ, பகுதியைக் குறைத்தாலோ, அதை அட்டையிலேயே தெரியும்படி போடுங்கள். சுருக்கத்தை முழு நூல் என்று நம்பி வாங்குகிறவர் ஏமாற்றப்படுகிறார். எனக்குத் தெரிந்தவரை 'பிரயாணம்' என்ற சொல்லால் எந்தக் குழந்தையும் புத்தகத்தை மூடி வைத்ததில்லை. பேத்தி பொருள் கேட்டாள், சொன்னேன், மறுநாள் முதல் பள்ளிக்குக் கிளம்பும்போது ‘‘பிரயாணம் போய் வருகிறேன்’’ என்று சொல்லத் தொடங்கினாள்.

தொடருக்குப் படம் வரைந்த மணியத்தின் ஓவியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கட்டுகளில் அவை கதையோடு கதையாக இருக்கின்றன. நந்தினியின் கொண்டையை அவர் வரைந்தபடி போட்டுக்கொள்ள அம்மா முயன்றதும், பாட்டி அதட்டியதும் உண்டு. ஓவியங்களின் உரிமை தனி என்பதும், உரியவர்களிடம் அனுமதி பெற்றே வெளியிட வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. எல்லாப் படங்களும் இயலாவிட்டால், பாகத்துக்கு நான்கு படங்களையாவது அனுமதி பெற்றுச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அத்துடன், கடைசிப் பாகத்தை இரண்டாகப் பிரித்து, சற்றே பெரிய எழுத்தில் தரும் பதிப்பு ஒன்று வந்தால் என் வயதில் உள்ளவர்கள் அதைத் தேடி வாங்குவோம். படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனத்தில் தொடர்கதையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

உங்களில் எவராவது மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பைக் கொண்டுவர முன்வந்தால், எங்கள் வீட்டு ஐந்து கட்டுகளையும் திறந்து வைக்கத் தயாராக இருக்கிறேன். ஆட்களை அனுப்பினால், தாள் உடையாமல் பக்கம் பக்கமாக நானே புரட்டித் தருகிறேன், படம் எடுத்துக்கொள்ளட்டும். கையெழுத்தில் உள்ள இரண்டு அத்தியாயங்களை மட்டும் வேறொரு பிரதியோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு சொல்லையும் விட்டிருக்க மாட்டாள் என்பது என் நம்பிக்கை, ஆனால் நம்பிக்கையை வைத்து மெய்ப்புப் பார்க்கக் கூடாது அல்லவா?

பேத்தி இப்போது முதல் பாகமான புது வெள்ளத்தை மறுபடி தொடங்கியிருக்கிறாள். இம்முறை கையில் பென்சில் இருக்கிறது. பக்க எண், பிழை, திருத்தம் என்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். நேற்றிரவு இருபதாம் அத்தியாயத்தைக் கடந்தாள். கேட்கும் பதிப்பாளர் யாராயினும் அந்த நோட்டின் நகலை எங்கள் செலவிலேயே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
வீராணம் ஏரிக்கரையைச் சேர்ந்த ஒரு வாசகி