அடகாமா ஏரிகளைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்து உயர்மலை ஏரிகளைப் பற்றித் தங்கள் இதழின் பயணப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. நடையும் நன்றாகவே இருந்தது. ஆயினும் கட்டுரையின் இறுதியில் தரப்பட்டுள்ள பயணத் திட்டத்தை நம்பி நம் பக்கத்திலிருந்து யாரேனும் புறப்பட்டால் இரண்டாம் நாளே தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். அது மட்டுமன்று, அந்த வரிசையில் பார்த்தால், மழையே இல்லாத இடத்தில் ஏரி எப்படி வந்தது என்பதும் பிடிபடாது. தருமபுரி மாவட்டத்தில் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து குறிக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகளோடும் மருமகனோடும் அந்தப் பாலைவனத்துக்குப் போய் வந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சொல்லும் திட்டம் இதுதான்: கலாமா விமான நிலையத்தில் இறங்கி, சான் பெத்ரோ தெ அடகாமா என்னும் சிற்றூரில் ஓரிரவு தங்கி, மறுநாள் விடியற்காலையிலேயே மிஸ்காந்தி, மினிக்கெஸ் ஏரிகளுக்கு ஏறிவிட வேண்டும். சான் பெத்ரோ ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில், அதாவது நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே மேலே இருக்கிறது. அங்கே பெரும்பாலோருக்குப் பெரிய தொல்லை இராது. ஏரிகளோ 4,100 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. தருமபுரி நகரம் 500 மீட்டரைக்கூடத் தொடாது. ஓசூர் ஏறத்தாழ 900. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆகையால், 'ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறேன், எனக்கு ஒன்றும் செய்யாது' என்று நம்மவர்கள் சொல்லும் தைரியம் அங்கே செல்லுபடியாகாது.

4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் என்பதால், இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் கெடுதல் ஆகியவை உயரம் உடலுக்கு ஒவ்வாமல் போவதன் முதல் அறிகுறிகள். தினமும் ஓடிப் பயிற்சி செய்யும் இளைஞரையும் அது விடுவதில்லை. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வோர் உண்டு. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும், இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக் கூடாது. சான் பெத்ரோ விடுதிகளில் கோகா இலைத் தேநீர் தருகிறார்கள். அதைப் பருகியவர்கள் நலமாக இருந்தார்கள் என்பதும் மெய். மெதுவாக நடந்தவர்களும் அவர்களே என்பதும் மெய்.

எனவே முதல் இரண்டு நாள்களைப் பள்ளத்தாக்கின் அடியிலேயே கழிக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே பொழுதுபோகாமல் இருக்க வாய்ப்பே இல்லை. சான் பெத்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடகாமா உப்புப் பரப்பு விரிந்து கிடக்கிறது. அதன் நடுவே, ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், சாக்சா என்னும் உப்பேரி இருக்கிறது. ஆண்டீஸ் பூநாரை, சிலி பூநாரை, ஜேம்ஸ் பூநாரை ஆகிய மூன்று இனங்களையும் ஒரே இடத்தில் காண வாய்ப்புள்ள ஏரி அது. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் காணும் பூநாரை வேறு இனம்.

பசிபிக் கடலோரமாக ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மேற்கே மழை மேகம் திரளவிடாமல் தடுக்கிறது. கிழக்கே அமேசான் பக்கத்திலிருந்து வரும் ஈரத்தை ஆண்டீஸ் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. மலை உச்சிகளில் விழும் சிறிதளவு மழையும் பனியும்தான் அங்குள்ள நீருக்கெல்லாம் மூலம். அந்த நீர் எரிமலைப் பாறைகளின் ஊடாக நிலத்தடியில் மெல்லக் கீழிறங்கி வந்து, உப்புப் பரப்பின் விளிம்பில் கனமான உப்புநீரோடு மோதுகிறது. உப்புநீர் அடியில் நிற்க, எடை குறைந்த நன்னீர் அதன்மேல் ஏறி நிலத்துக்கு வெளியே வருகிறது. உப்புப் பரப்பின் ஓர ஏரிகள் அவ்வாறு உண்டானவையே. கடலுக்குப் போக வழியில்லாத வடிநிலம் என்பதால் வந்த நீர் ஆவியாவதைத் தவிர வேறு கதியில்லை. உலையில் சுண்டிய உப்புத் தண்ணீரைப் போல, கரைந்து வந்ததெல்லாம் அங்கேயே தங்கிவிடுகிறது.

அப்படித் தங்கியவற்றுள் ஒன்றுதான் லித்தியம். உப்புப் பரப்பின் அடியிலிருந்து உப்புநீரை இறைத்து, பெரிய பாத்திகளில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் காயவிட்டு அதைப் பிரித்தெடுக்கிறார்கள். உலகில் லித்தியம் மிகுதியாகத் தரும் நாடுகளில் சிலியும் ஒன்று. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் உருவாகும் இந்தக் காலத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்து வாசகருக்கு அடகாமாவைப் பற்றி எழுதும் கட்டுரை இதை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருந்தது. இறைப்பது குடிக்கவோ பாசனத்துக்கோ உதவாத உப்புநீர் என்பது நிறுவனங்களின் வாதம். உப்புநீர் மட்டம் இறங்கினால் விளிம்பிலுள்ள நன்னீரும் சேர்ந்து இறங்கும் என்பது அங்குள்ள அடகாமா பழங்குடி ஊரார்களின் அச்சம். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த உப்புப் பரப்பில் 11 ஆண்டுகளில் இரண்டு இனப் பூநாரைகள் 10 முதல் 12 சதவீதம் வரை குறைந்ததாகக் காட்டியது. சுற்றுவட்டாரத்து உப்பேரிகளையும் சேர்த்துப் பார்த்தபோது அத்தகைய சரிவு இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்லியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபின் தன் கிணறு வற்றியதாக முறையிட்டவர்களை ஆண்டுக்கணக்கில் கேட்டவன் என்பதால், ஊரார்களின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் கீழே பார்த்து அறிந்தபின் மேலே போனால்தான் மிஸ்காந்தி புரியும். மினிக்கெஸ் எரிமலையின் குழம்பு வழிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான இரட்டை ஏரிகள் அவை. பெரியதான மிஸ்காந்தியின் நீர் அந்தக் குழம்புப் பாறையின் ஊடாகவே சிறியதற்குக் கசிகிறது. 1990-இல் அமைக்கப்பட்ட லாஸ் ஃபிளமெங்கோஸ் தேசியக் காப்பகத்தைச் சேர்ந்தவை. கொம்பு நாமக்கோழி அங்கே கூடு கட்டுவதால் கரைவரை போக விடுவதில்லை. குறித்த பாதையில் மட்டுமே நடக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை, படத்துக்காக வேலி தாண்டப் பார்த்தவர்களைக் கண்டபின் முழுச் சம்மதமே. காலையில் நீர் அசையாமல் இருக்கும். பிற்பகலில் காற்று எழுந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மலைமேல் மழை பெய்து சில வேளை பாதை அடைபடும். பகலில் ஏறி, இரவு தங்கக் கீழே வந்துவிடுவது உடலுக்கு நல்லது. 4,300 மீட்டருக்கு மேலுள்ள எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழியில் ஓடும் தெளிந்த ஓடைநீரைக் குடிக்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அவசியம் திருத்த வேண்டும். எரிமலை மண்ணில் ஊறி வரும் நீரில் ஆர்சனிக் கலந்திருக்கும். அன்டோஃபகஸ்தா நகரம் 1958 முதல் 1970 வரை ஆண்டீஸ் ஆற்றுநீரை அப்படியே குழாயில் கொண்டுவந்து குடித்தது. அதன் விளைவாக வந்த புற்றுநோய் மரணங்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரால் பல் கறைபட்டு, எலும்பு வளைந்து, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை காத்திருந்த மாவட்டத்தின் வாசகர்களுக்கு, தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரைச் சான் பெத்ரோவிலிருந்தே பாட்டிலில் எடுத்துச் செல்ல வேண்டும்.

இன்னொரு திருத்தம். கட்டுரையின் முதற்பக்கத்தில் மிஸ்காந்தி என்ற குறிப்போடு அச்சான செந்நிற ஏரி மிஸ்காந்தி அன்று. பொலிவியாவின் எதுவார்தோ அவரோவா காப்பகத்தில் உள்ள லாகுனா கொலராடா. அதன் சிவப்பு, நீரில் வாழும் பாசிகளால் வருவது. அதைக் காண எல்லை கடந்து வேறொரு நாட்டுக்குள் போக வேண்டும். அதற்கான அனுமதியும் தனி. அடுத்த இதழில் இக்குறிப்புகளை வெளியிட்டால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.