அம்மிணிக்கு, செம்பருத்தி விஷயமா

அம்மிணி, நீ அனுப்பிச்ச போட்டோவைப் பாத்தேன். கொழுந்துல பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கறது மாவுப்பூச்சிதான். என்ன மருந்து அடிக்கறதுன்னு கேட்டிருந்தே, போன்ல சொன்னா மீட்டிங்குன்னு பாதில வெச்சிருவே, அதான் உக்காந்து டைப் பண்றேன், பஸ்ல போறப்ப படிச்சுக்கோ.

மருந்து இப்ப வேண்டாம். மொதல்ல செடில எறும்பு ஏறுதான்னு பாரு. மாவுப்பூச்சி செடிச் சாறை உறிஞ்சிட்டு மிச்ச இனிப்பைப் பின்னால சொட்டு சொட்டா விடும், எறும்பு அதைக் குடிச்சுட்டு சும்மா போகாது, மாவுப்பூச்சியைத் தின்ன பொறிவண்டு கிட்ட வந்தா கடிச்சு வெரட்டும். குடிச்ச பாலுக்குக் காவல்.

நீ சின்னப்புள்ள அப்ப, 2008ல. கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒண்ணு புதுசா வந்துச்சு. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு, அங்க அதை அடக்கி வெக்க வேற பூச்சி இருந்துச்சு, இங்க பூச்சி மட்டும் வந்து எறங்கிருச்சு. பப்பாளி, மரவள்ளி, நம்ம மல்பெரி, எதையும் விடல. நானும் கடைக்காரர் குடுத்ததையெல்லாம் வாங்கி அடிச்சேன், மேல மெழுகு மாதிரி மாவு இருக்கறதால மருந்து உள்ள எறங்கவே இல்ல, பொறிவண்டும் சிலந்தியும்தான் செத்துச்சு. அதோட விட்டுச்சா, மருந்தடிச்ச தழையை நாள் கணக்குப் பாக்காம அவசரப்பட்டுப் பட்டுப்புழுவுக்குப் போட்டு ஒரு பேட்ச் மொத்தமும் போச்சு. உங்கம்மா அன்னிக்கு சோறு தின்னல, உங்கிட்ட காய்ச்சல்னு சொல்லி வெச்சோம்.

2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசிரோபேகஸ்னு ஒரு குளவி கொண்டாந்தாங்க. கொட்டற குளவி இல்ல, ஒரு மில்லிமீட்டர் கூட வராது. கோயமுத்தூர் வேளாண்மை யுனிவர்சிட்டில பெருக்கிக் குடுத்தாங்க, டப்பாவைத் தொறந்து விட்டப்ப கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, ஏமாத்தறாங்களோன்னு கூட நெனச்சேன். அது மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை வெக்கும், குஞ்சு உள்ளயே பொரிஞ்சு உள்ளயே தின்னு வளரும், பூச்சி உப்பி காஞ்சு கூடாயிரும், அப்புறம் வட்டமா ஒரு ஓட்டை போட்டுட்டு வெளிய வரும். கேக்க கொடூரமாத்தான் இருக்கு, என்ன பண்றது, அதுக்கு வேற சோறு கெடையாது. சில மாசத்துல தோட்டம் தேறுச்சு. மாவுப்பூச்சி அடியோட ஒழியல, அது இருந்தாத்தானே குளவியும் இருக்கும். இப்பவும் தழைல நாலு பூச்சி கண்ணுல பட்டா எனக்கு நிம்மதியா இருக்கு, பைத்தியம்னு உங்கம்மா சொல்றா.

நீ பண்ண வேண்டியது இவ்ளோதான். தொட்டிக்கு அடில தட்டு வெச்சு தண்ணி ஊத்து, எறும்பு ஏறாது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்து, இல்லேன்னா கொசு முட்டை வெச்சிரும். செடி செவுத்துல படாம பாத்துக்கோ. பூச்சியைத் தண்ணில பீய்ச்சிக் கழுவு, ஆனா காஞ்சு ஓட்டை விழுந்தது இருந்தா அந்த எலையைத் தொடாதே, அங்க குளவி வந்திருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, பொறிவண்டுல ஒரு ரகத்தோட புழு வெள்ளையா மாவு பூசிக்கிட்டு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், அதுவும் நம்ம ஆளுதான், வேகமா ஓடும். தெரியாம நானே எத்தனையோ நசுக்கியிருக்கேன்.

எலைக்கு அடிப்பக்கம் கிட்டத்துல வெச்சு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரில லைட்டு சரியா விழாது, காலைல எடு.

அப்பா