ஒரே தட்டில் இரண்டு பிரச்சினைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டச்சத்துக் குறைவுக்கு ஒரு திட்டம், உடல்பருமனுக்கு வேறொரு திட்டம் என்று அரசுகள் பிரித்து வைத்திருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. 2022இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 14.8 கோடிக் குழந்தைகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். அதே ஆண்டில் உடல்பருமனோடு வாழ்ந்தவர்கள் 100 கோடிக்கும் மேல். இவர்கள் வேறு வேறு வீட்டுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே வீட்டில், எடைக் கருவியில் குழந்தையை நிறுத்தினால் முள் போதிய அளவுக்கு ஏறுவதில்லை. அடுத்து தாய் ஏறினால் அளவைத் தாண்டி ஓடுகிறது. இருவருக்கும் கிடைப்பது வயிற்றை நிரப்பி, சத்தைத் தராத ஒரே சாப்பாடு.

நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்த காலத்தின் முதல் பாதியில் பட்டினியைச் சந்தித்த ஆண்களிடையே, பத்தொன்பது வயதில் உடல்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் நல்ல உணவு இரண்டு நோய்க்கும் மருந்து என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தாய்ப்பாலும் அப்படித்தான். ஆனால் பால்பவுடர் விளம்பரங்களுக்குக் கடிவாளம் போடும் சர்வதேச நெறிமுறை 1981இலேயே வந்தும், பல நாடுகள் அதை முழுமையாகச் சட்டமாக்கவில்லை.

சிலி 2016இல் சர்க்கரை, உப்பு மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை குத்தியது. அவற்றைப் பள்ளிகளில் விற்கவும் தடை விதித்தது. அந்தத் துணிச்சல் எல்லா அரசுகளுக்கும் வேண்டும். பள்ளி உணவை வெறும் கலோரிக் கணக்கில் அளப்பதை முதலில் நிறுத்துங்கள். பருப்பு, காய், பழம் எவ்வளவு என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்